இடது கன்னம், வலது கன்னம்

மூக்கை மட்டும் மரால் சும்மா விட்டுவிட்டாள். இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு வேறொன்று, மூக்குக்கு எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒன்றும் பூசாத இடம் ஒன்று இருக்க வேண்டும் என்பது கல்லூரியில் படித்தது. படித்ததை மறக்காத பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எத்தனை பெரிய பாடு என்று அவள் அம்மா கெகென் ஊரில் சொல்லாத வீடில்லை.

மரால் கெகெனில் மருந்துக்கடையில் இருப்பவள். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, சர்ஜாஸ் ஊரிலிருந்து குதிரைக்குப் புழு மருந்து வாங்க வந்தான் ஓராஸ். வந்தவன் வாங்கினான், மறுபடி வந்தான், மறுபடி வாங்கினான். அவன் குதிரைகளின் வயிற்றில் அந்த வருடம் புழு என்ற பேச்சுக்கே இடமில்லை. இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று இரு வீட்டாரும் இறைச்சி தின்று முடிவு செய்தார்கள்.

அதற்குள் கோடை வந்தது. மேய்ச்சல் வெளிக்கு ஏறும் பெண்கள் கடைக்கு வந்து கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: மூஞ்சிக்கு எது நல்லது? கர்காரா மேட்டில் வெயில் மனிதர்களோடு தோளில் கை போட்டுப் பழகும். ஒரு கோடை அங்கே பால் கறந்துவிட்டு இறங்குகிற பெண்ணின் கன்னத்தைப் பார்த்தால், சேணத்துக்குத் தோல் தேடுகிறவன் ஒரு நிமிடம் யோசிப்பான்.

"போன வருஷம் குடுத்தியே மரால், அதப் பூசினா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிட்டேன். எம் புருஷனோட குதிரை என்னைப் பாத்து மிரண்டு அவரைக் கீழ தள்ளிருச்சு" என்றாள் ஒருத்தி.

"அப்போ பிபிசாரா கடை ஜெல்லை வாங்கு. அது பூசினதே தெரியாது. குதிரையும் மிரளாது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பிபிசாரா சந்தையில் அழகுப்பொருள் கடை போட்டிருப்பவள். மராலுக்கு மாமியாராகப் போகிற ஷர்பானுவின் நாத்தனார். வாய் திறந்தால் விற்பனை, மூடினால் வம்பு என்று இரண்டுக்கும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

மரால் சந்தையில் அந்த ஜெல்லையும் ஒன்று வாங்கிவந்து, இரண்டு குழாய்களையும் மேசையில் வைத்து, பின்பக்கத்து எறும்பு எழுத்துகளைப் படித்தாள். தன் கடையில் இருந்த வெள்ளை க்ரீமில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. இரண்டும் வெறும் தாதுப் பொடி. தோலுக்கு மேல் படலமாக உட்கார்ந்து வெயிலை அங்கேயே மறிக்கிறவை. குழந்தைக்குக்கூடப் பூசலாம், எரிச்சல் வராது. ஆனால் மாவு போலக் கனம், முகம் சாம்பல் பூத்துவிடும், தோலையும் வறட்டும். பிபிசாராவின் ஜெல்லில் வல்லாரைச் சாறு, தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கக் கிளிசரின், திட்டுத்திட்டான கருமைக்கு நியாசினமைடு. கேட்கவே குளிர்ச்சி. ஆனால் வெயிலைத் தடுக்க இருந்தது அவோபென்சோன். அது வெயிலை உறிஞ்சி உறிஞ்சித் தானே சோர்ந்துபோகும் சரக்கு. பக்கத்தில் தாங்கிப் பிடிக்க வேறொன்று வேண்டும். அந்த வேறொன்றின் பெயரை மரால் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் காணவில்லை.

இரண்டின் மேலும் வெயில்தடுப்பு அளவு எஸ்பிஎஃப் ஐம்பது என்றுதான் போட்டிருந்தது. போட்டிருப்பதை நம்பி விற்பது அவளுக்கு ஒத்துவராது. சித்தப்பாவின் மந்தையோடு கர்காராவுக்கு ஏறினாள். காலையில் ஒரே ஒரு முறை பூச வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணிக்கொரு தரம் பூசச் சொல்லித்தான் குழாயில் இருக்கிறது. ஆனால் பால் கறக்கிற கை குழாய் மூடியைத் திருகிக்கொண்டிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்கள் பூசுகிறபடி பூசினால்தானே அவர்களுக்குப் பதில் சொல்ல முடியும்?

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, எந்த நிறம் வந்தாலும் அதற்குள் போய்விடும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பியது மேட்டிலிருந்து இறங்கிய அன்று தெரிந்தது. மேலே அலைபேசி வேலை செய்யாது. கீழே வந்ததும் அது நாய் துரத்திய கோழி போலக் கத்த ஆரம்பித்தது. சடங்குப் பாட்டு பாடும் பாடகர் ஊரை விட்டுத் தலைநகருக்குக் குடிபோகிறாராம். அவர் பாடாமல் தன் வீட்டு மருமகளின் முகத்திரை விலகக் கூடாது என்று ஷர்பானு பிடிவாதமாக நிற்கிறாளாம். அதனால் கல்யாணம் இந்தச் சனிக்கிழமை. இன்று புதன்.

வாசலில் அவளைப் பார்த்த அம்மா, கையிலிருந்த பொரித்த பவுர்சாக் உருண்டைத் தட்டோடு அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்குத்தண்டில் கோடு கிழித்ததுபோல இருந்தது முகம். இடது பக்கம் வசந்தத்தில் பெண் பார்த்தபோது இருந்த அதே கோதுமை நிறம். வலது பக்கம் தேநீர்க் கெண்டியின் அடிபோலக் கறுத்து, கன்ன எலும்பின் மேல் தோல் உரிந்து நின்றது. நடுவில் மூக்கு, தக்காளி.

"யாருடி அடிச்சது?" என்றாள் அம்மா.

"யாரும் அடிக்கலம்மா. இடது பக்கம் ஜிங்க். வலது பக்கம்..."

"வாய மூடு. உள்ள போ. யாரும் பாக்குறதுக்குள்ள உள்ள போ."

ஆனால் ஒருத்தி அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். மரால் வரும் வழியில் கடையைத் திறந்து, தன் கன்னத்துக்குக் களிம்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பிபிசாரா அயோடின் கேட்டு உள்ளே வந்தாள். பார்த்தாள். அயோடின் வாங்காமலே போனாள். கெகென் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினால், குதிரைக்குச் சேணம் கட்டுவதற்குள் அது எல்லையைத் தொட்டு, அந்தப் பக்கத்துச் செய்தியையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்.

மறுநாள் காலையில் அண்ணி தானகோஸ் மூச்சு வாங்க வந்தாள். மராலின் அண்ணன் மனைவி. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவள் அவள்தான். எப்போதும் கேலி பேசுகிற வாய், அன்று வறண்டிருந்தது.

"பிபிசாரா சொல்லிட்டு அலையறா. உனக்கு வெண்படையாம். பாதி மூஞ்சி வெளுத்துப் போச்சாம். படை வந்ததாலதான் இத்தன நாள் கல்யாணம் ஆகலையாம்."

"வெளுத்த பக்கம்தான் அண்ணி என் நிறம். கறுத்ததுதான் புதுசு."

"எனக்குத் தெரியும். உன் மாமியாருக்குத் தெரியுமா? 'நோவு இருக்குன்னு தெரிஞ்சா திரைய விலக்கவே விடமாட்டேன், வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிருவேன்'னு சொல்லிருக்காங்க. நாலு பேர் முன்னாடி சொல்லிருக்காங்க, மரால். சொன்ன சொல்ல மாத்துற ஆளு இல்ல அவங்க."

மரால் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்த மணப்பெண் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைத் தெருவில் பார்க்கிறவர்கள் வழி விட்டு ஒதுங்குவார்கள், மரியாதைக்காக அல்ல.

"நானே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"போனா என்ன சொல்லுவே? ஒரு கன்னத்துல ஒண்ணு பூசினேன், இன்னொண்ணுல இன்னொண்ணு பூசினேன்னா? கல்யாணம் நிச்சயமான எந்தப் பொண்ணு அப்படிச் செய்வா? கேக்குறவங்க, நோவை மறைக்கக் கதை கட்டுறான்னுதான் சொல்லுவாங்க. வலியப் போய்ச் சொன்னா இல்லாததும் இருக்குன்னு ஆயிரும்."

ஓராஸைக் கூப்பிட்டார்கள். அவன் விருந்துக்கான குதிரையைக் கொண்டுவர மேட்டுக்குப் போயிருந்தான். அலைபேசி அடிக்கவேயில்லை.

பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் வைத்தியம். தயிரை வடிகட்டிக் கறுத்த கன்னத்தில் அப்பினாள். பாலாடையை அப்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வெள்ளரிக்காயைச் சீவி ஒட்டினாள். மரால் அவ்வளவையும் பொறுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சையை எடுத்தபோதுதான் எழுந்து நின்றாள்.

"உரிஞ்ச தோல்ல எலுமிச்சம்பழமா? அதுக்கு அடுப்பையே தேய்ங்க. தோல் கறுத்தது அழுக்கு இல்லம்மா, கழுவிப் போக. அது தானா உதிர்ந்து வரணும். நாள் ஆகும்."

"நாள் எங்கடி இருக்கு?" என்று கத்திய அம்மா, அடுத்த நொடி அழுதாள். கத்தியபோது தாங்கிக்கொண்ட மராலால் அதைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியில் துணி மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

சனிக்கிழமை காலை தானகோஸ் ஒப்பனைப் பெட்டியோடு வந்தாள். கறுத்த பக்கத்துக்கு வெளிறிய பூச்சு, வெளுத்த பக்கத்துக்குக் கொஞ்சம் அடர்ந்தது, மூக்குக்கு மூன்று அடுக்கு. உரிந்த தோலில் பூச்சு உட்கார மறுத்து ஏட்டின் ஓரம்போலச் சுருண்டது. எண்ணெயில்லாத ஈரக் களிம்பைக் கீழே தடவி அதன்மேல் பூசச் சொல்லிக் கொடுத்தது மரால்தான். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா தெரியல. ஆனா சிரிக்காத. சிரிச்சா பிளந்துரும்" என்றாள் தானகோஸ்.

"சிரிக்கிற மாதிரியா அண்ணி இருக்கேன்?"

சிவப்புத் திரையைத் தலையில் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். சர்ஜாஸ் சாலையில் பாதி தூரம் போயிருப்பார்கள். திரைக்குள்ளிருந்து மரால் தானகோஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

"அண்ணி. கொழுப்பு."

"என்ன கொழுப்பு?"

"நெருப்புக்குக் கொழுப்பு வார்ப்பாங்களே. வாசல் தாண்டினதும்."

புது மருமகள் வீட்டுக்குள் வந்ததும் அடுப்பு நெருப்பில் ஆட்டுக் கொழுப்பை வார்க்க வேண்டும். கொழுப்புப் பிசுக்கு ஏறிய கையை மாமியார் அந்தத் தணலில் காட்டிச் சூடாக்கி, பெண்ணின் முகத்தைத் தடவிக் கொடுப்பாள். இந்த நெருப்பு இனி உன் நெருப்பு என்று அர்த்தம். அது முடிந்த பிறகுதான் பாட்டு, திரை எல்லாம். அவர்கள் இருவரும் எத்தனை கல்யாணத்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள்! எண்ணெய் பட்டால் பூச்சு வழிந்துவிடும். அழுத்திப் பூசிய சன்ஸ்கிரீனை இரவில் சோப்பு மட்டும் போட்டு எடுக்க முடியாது, முதலில் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மரால் தினமும் ஒப்பிக்கிற பாடம் அது.

"மூஞ்சியப் பின்னால இழுத்துக்க. தொட்டும் தொடாம வாங்கிக்க" என்றாள் தானகோஸ்.

"நெருப்பையே வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிராதா?"

முன்னால் சர்ஜாஸின் கூரைகள் தெரிய ஆரம்பித்தன.

வாசலில் மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். குழந்தைகள் காலுக்கடியில் புரண்டு பொறுக்கின. திரை வழியே மராலுக்கு எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது: சிவப்புப் பெஞ்சுகள், சிவப்புத் தொப்பிகள், முதல் வரிசையில் சிவப்பு பிபிசாரா. அவள் உட்காரவில்லை. ஒரு விதமாகக் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தாள்.

வலது காலை வைத்து முற்றத்து அடுப்பின் முன்னால் போய் நின்றாள். கரண்டியில் கொழுப்பைக் கொடுத்தார்கள். நெருப்பில் வார்த்தாள். அது சீறி எழுந்து அடங்கியது. ஷர்பானு கொழுப்பைத் தொட்டு, குனிந்து கையைத் தணலில் காட்டினாள். அகன்ற கை, விரல் முட்டிகள் கயிற்று முடிச்சுகள்போல. இருபது கோடைக்கு மேல் கர்காராவில் பால் கறந்த கை அது. அவள் கன்னங்கள் ஊதா ஓடிப் போயிருந்ததும் அங்கேதான்.

அந்தக் கைகள் திரைக்குள் வந்தன.

மரால் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தாள், கழுத்து கேட்கவில்லை. சூடான உள்ளங்கை வலது கன்னத்தில் பட்டதும் கண்ணில் நீர் முட்டியது. கை கீழே இறங்கியது. நின்றது. மறுபடி மேலே போய் உரிந்த இடத்தை விரலால் தொட்டது. பிறகு வெளியே வந்தது. ஷர்பானு தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் பார்த்தாள். கோதுமை நிறப் பசை.

அவள் திரையின் ஓரத்தைத் தூக்கித் தன் தலையையும் உள்ளே நுழைத்தாள். வெளியே பெண்கள் மாமியார் ஆசீர்வதிக்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்தார்கள். உள்ளே, இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"என்னடி இது?"

கிசுகிசுப்புதான். ஆனால் தானகோஸ் சொன்ன வண்டி அந்தக் குரலில் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

மராலுக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. "இடது பக்கம் வெள்ளை க்ரீம் அத்தை. வலது பக்கம் ஜெல். மூக்குக்கு ஒண்ணும் போடல. கர்காராவுல காலையில ஒரு தடவ பூசிட்டு நாள் முழுக்க இருந்தேன். எது தாங்குதுன்னு பாக்கணும்னு."

"எதுக்கு?"

"கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க. தெரியாம எப்படிச் சொல்றது?"

ஷர்பானு கொழுப்புக் கையை எடுத்து மராலின் நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். பூச்சு திரண்டு வந்தது. மூக்குத்தண்டில் விரலை வைத்து, மேலிருந்து கீழே அந்தக் கோட்டை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"எந்த நோவும் மூக்கு வரைக்கும் வந்து நின்னு திரும்பிப் போகாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு, "எரியுதா?"

"எரியுது அத்தை."

"எரியட்டும். இத்தன பேரு வயித்துல புளியக் கரைச்சிருக்க." திரையிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டை ஆரம்பிங்க" என்றாள் பாடகரிடம்.

தானகோஸுக்கு திரைக்குள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

பாடகர் இரட்டைத் தந்தித் தோம்ப்ராவை மீட்டி உறவுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடினார். ஒவ்வொரு பெயருக்கும் மரால் குனிந்து வணங்கினாள். கடைசியில், தோம்ப்ராவின் கழுத்தைத் திரைக்கடியில் கொடுத்து மேலே தூக்கினார். தூக்கியவர் பாட்டை விட்டுவிட்டார். முழு நிலவு முகம் என்று பாடத் தயாராக வந்த மனிதர். எதிரே இருந்ததோ அஷ்டமி நிலவு, நடுவில் சூரியன் உதித்த மாதிரி ஒரு மூக்கு. அவர் வாழ்நாளில் தந்தி சும்மா அதிர்ந்துகொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

முற்றத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்தி, தப்பாகக் கத்திவிட்டோமோ என்பதுபோல நிறுத்தியது.

"நான் சொன்னேனே அண்ணி" என்றாள் பிபிசாரா. "பாருங்க. வெள்ளையா. பாதி மூஞ்சி."

"பாத்தேன்" என்றாள் ஷர்பானு. "வெள்ளைப் பக்கம் நாம பேசி முடிச்ச பொண்ணு. கறுத்த பக்கம் உன் கடை ஜெல்லு."

பிபிசாராவின் வாய் திறந்தபடி நின்றது. விற்கவும் இல்லை, வம்பும் பேசவில்லை.

மரால் அங்கேதான் அடக்க முடியாமல் போனாள். "இல்ல அத்தை, ஜெல் மேல முழுப் பழியும் போட முடியாது. வேர்த்தப்ப நான் திரும்பப் பூசல. நிழல்ல கடையில உக்காந்திருக்கிறவங்களுக்கு அது நல்லதுதான், தோலுக்கு ஈரமும் குடுக்கும். வெள்ளை க்ரீம் தோலை வறட்டும், அதுக்கு..."

"சும்மா இரு மருமகளே" என்றாள் ஷர்பானு. "மணப்பொண்ணு பேசக் கூடாது."

மருமகளே என்றாள். தானகோஸ் சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். அடுப்பில் சாம்பல் பறந்தது. அங்கேயே அவளுக்குப் பழைய வாயும் திரும்பி வந்தது.

"முதல் தடவை முகம் பாத்தா சீர் குடுக்கணும்ல. இங்க ரெண்டு முகம் இருக்கே. எங்க பொண்ணு ஒரு முகத்துக்கு மட்டும் வாங்கிட்டுப் போனா எப்படி?"

கூட்டம் முதலில் தயங்கியது. பிறகு ஒரு கிழவர் இருமுவதுபோலச் சிரித்தார். அதன்பின் யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஓராஸ் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளைக்கு அழகில்லை என்று மாமா அவன் முதுகில் ஒன்று வைத்தார். இடது கன்னத்துக்கு வெள்ளிக் காப்பு தருகிறேன் என்றாள் ஷர்பானு. வலது கன்னத்துக்கு என்ன தருவது என்று கொஞ்சம் யோசித்து, வெள்ளை மூக்குக் குதிரை ஒன்றைச் சொன்னாள். அதற்கும் கோடையில் மூக்கு வெந்து உரிகிறதாம், அதற்கு எது நல்லது என்று மருமகளே பார்த்துக்கொள்ளட்டுமாம்.

அன்று எடுத்த படம் இப்போது கெகென் மருந்துக்கடையில், கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. தொங்கவிட்டது மரால் அல்ல, ஷர்பானு. மேய்ச்சலுக்கு ஏறும் பெண்கள் வந்தால் குழாயைத் திருப்பிப் பார்ப்பதில்லை, மருந்துப் பெயர் கேட்பதில்லை. அண்ணாந்து படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இடது கன்னம் ரெண்டு குடு" என்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வலது கன்னம் வாங்கிப் போகிறார்கள். அதை மரால் இப்போது பிபிசாராவிடமிருந்துதான் வரவழைக்கிறாள். வேர்த்தால் திரும்பப் பூசுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தவறாமல் சொல்லி அனுப்புகிறாள்.

மூக்கு கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.